உட்காரக் கூடாத நாற்காலிகள்

மாட்டுங்காவில் ஒரு காலத்தில் ஆடம்பர ஹோட்டலாக இருந்த கட்டடம் இப்போது பழம்பொருள் அருங்காட்சியகம். விருந்துக் கூடம் முழுக்க நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் யாரும் உட்காராதபடி குறுக்கே சிவப்புக் கயிறு. தேக்கு மரமா, ஈட்டி மரமா, பிரம்பு எங்கே தளர்ந்திருக்கிறது என்று இரண்டு பக்கம் குறிக்கிறேன். முப்பது வருடம் நாளிதழில் இருந்தவன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

என் நோட்டில் தமிழைப் பார்த்துவிட்டுக் காவல்காரப் பெண் அருகே வருகிறார். தாராவிக்காரர், பேச்சில் திருநெல்வேலி.

"பேப்பர்ல எழுதுதியளா அண்ணாச்சி?"

"ஆமாம்மா."

"இத்தன நாற்காலி கெடக்கு, நான் நாள் பூரா நிக்கேன். கால் வீங்கிட்டு. ஒரு ஸ்டூல் தர மாட்டேங்காவ."

ஒரு மணி நேரமாக என் எதிரில்தான் நிற்கிறார். குறிப்பில் அவர் இல்லை.

பிரத்தியேகச் செய்தி கிடைத்த மிடுக்கோடு பார்வையாளர் புத்தகத்தைத் திறக்கிறேன். அவருக்கு ஸ்டூல் கேட்டு இந்தியிலும் ஆங்கிலத்திலும் முன்பே எழுதியிருக்கிறார்கள். மராத்தியிலும் உண்டு, ஒரு பள்ளிக் குழந்தையின் கையெழுத்தில்.

"தமிழ்லதான் இன்னும் இல்ல, எழுதுங்க."

"மேனேஜருக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியாது. என்னையத்தான் ரூமுல உக்கார வச்சு, வாசிச்சு அர்த்தம் சொல்லச் சொல்லுவாரு," என்று பேனாவை நீட்டுகிறார். "கொஞ்சம் நீளமாவே எழுதுங்க."