கரும்பு வண்டிக்குப் பின்னாடி போட்ட சிலபஸ்

அரவை சீசன்ல எங்க ரோட்டுக்குன்னே ஒரு வாசனை உண்டு. டீசல் புகை, காஞ்ச கரும்புத் தோகை, சர்க்கரை மில்லுப் பக்கம் இருந்து வர்ற புளிச்ச இனிப்பு... எல்லாம் கலந்து. காலேஜ் பஸ் ஜன்னல்ல அந்த வாசனை வந்தா, முன்னாடி கரும்பு டிராக்டர் போவுது, இன்னைக்கு லேட்டுன்னு அர்த்தம்.

நேத்து அதே வாசனை. உடனே ஸ்டெல்லா மிஸ்ஸும் அந்த வெள்ளிக்கிழமையும் ஞாபகத்துக்கு வந்துடுச்சு.

அப்ப நான் இன்ஜினியரிங் காலேஜ்ல புது லெக்சரர். ஸ்டெல்லா மிஸ் எனக்கு முன்னாடியே சேர்ந்தவங்க, ஆனா டெம்ப்ரவரி. ரெண்டு பேரும் மணலூர்பேட்டைல பஸ் ஏறுவோம். எம்.இ. பசங்களுக்கு ஒரு எலெக்டிவ் பேப்பர் பிளான் பண்ற வேலை எங்க தலைல விழுந்துச்சு. மாடல் டிரிவன் டெவலப்மென்ட்.

பேரு தான் பெருசு. விஷயம் சின்னது. எடுத்தவுடனே கோட் எழுதாத, மொதல்ல படம் போடு. யார் யார் இருக்காங்க, எது எதோட சேருதுன்னு கட்டம் கட்டமா. அந்தப் படத்த வெச்சு மெஷினே கோட் எழுதிக்கும். மாத்தணுமா? படத்த மாத்து, திரும்ப எழுத விடு. அவ்ளோதான்.

சேர்ந்ததே அஞ்சு பேரு. எச்.ஓ.டி. சாருக்கு இஷ்டமே இல்ல. ரிஷிவந்தியத்துக்காரர், நெலம் நீச்சு உள்ளவர், மனசுல பட்டத அப்படியே பேசுவார்.

"இன்னாம்மா இது... படம் போட்டுக்கினு இருந்தா பசங்களுக்கு எவன் வேலை குடுப்பான்? வெள்ளிக்கிழம ஒண்ணு ஓட்டிக் காட்டுங்க. இல்லன்னா கிளவுட் பேப்பருக்கு மாத்திடலாம்."

ஸ்டெல்லா மிஸ் முகம் வாடிப்போச்சு. அவங்கள வெச்சிருக்கறதே இந்தப் பேப்பருக்குத்தான். பேப்பர் இல்லன்னா அடுத்த செமஸ்டர் அவங்களும் இல்ல. டிபார்ட்மென்ட்ல எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டாங்க.

எங்க பிளானிங் எல்லாம் பஸ்லதான். எந்த புக்க எடுத்தாலும் லைப்ரரி, இல்லன்னா ஏ.டி.எம். பசங்க காலேஜ் சேர்ந்த நாள்ல இருந்து பாத்துப் பாத்துச் சலிச்ச உதாரணம். ஒரு நாள் பஸ் டிராக்டருக்குப் பின்னாடி ஊர்ந்துகிட்டு இருக்கு. மிஸ் வெளிய பாத்துக்கிட்டே கேட்டாங்க.

"சார், இதையே போட்டா இன்னா?"

எனக்குப் பொறி தட்டுச்சு. கரும்பு நட்டத மில்லுல பதியணும். நட்ட தேதிப்படி கட்டிங் ஆர்டர் வரும், அப்புறம்தான் வெட்டலாம். வெட்டுனா வண்டிய வரிசைல நிறுத்தணும்... டிராக்டருக்கு ஒண்ணு, மாட்டு வண்டிக்கு ஒண்ணு. பசங்க முக்கால்வாசிப் பேரு வூட்ல கரும்பு. இதுக்கு மேல என்ன வேணும்?

படம் போட்டோம், ஓட்டுனோம். ரெண்டு வரிசையும் ஒண்ணா கலந்து வந்துச்சு. நான், "ரெண்டு லைன் தான மிஸ், கோட்லயே திருத்திடறேன்"னு உக்காந்தேன். கீபோர்ட அப்படியே பிடுங்கிட்டாங்க.

"கோட்ல கை வெக்காதீங்க சார். அடுத்த தடவ ஜெனரேட் பண்ணா எல்லாம் அழிஞ்சிடும். படத்துல சரி பண்ணுவோம்."

சாப்பாட்டு நேரம் பூரா அதுலயே போச்சு. டப்பாவக் கூட திறக்கல. நான் உள்ளுக்குள்ள கடுப்பாத்தான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை. லேப் ஜன்னல்ல பாத்தா கல்வராயன் மலை மேல கருமேகம். காத்தடிச்சா கரன்ட் போயிடும், எங்க யு.பி.எஸ். பேருக்குத்தான் யு.பி.எஸ். வேண்டிக்கிட்டே ஆரம்பிச்சோம்.

எல்லாம் ஒழுங்கா ஓடுச்சு. சார் திரையையே பாத்துக்கிட்டு இருந்தவரு கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி.

"எல்லாம் சரிம்மா. விவசாயின்னு ஒரு கட்டம் தான் கீது. பட்டா என் பேர்ல, கரும்பு வெச்சிக்கினு இருக்கறது குத்தகைக்காரரு. அவரு எங்க?"

நெலத்துக்காரரும் பயிர் வைக்கிறவரும் ஒரே ஆளுன்னு போட்டிருந்தோம். பதிவு பட்டாக்காரர் பேர்லயே இருக்கறதால எங்க பக்கம் எல்லாரும் "அவரு கரும்பு"ன்னுதான் சொல்லுவாங்க, அப்படியே பழகிப்போச்சு. போச்சுடா, கிளவுட் பேப்பர்தான்னு நெனச்சேன்.

மிஸ் உடனே படத்தத் திறந்தாங்க. பக்கத்துல புதுசா ஒரு கட்டம்... 'பயிர் வைக்கிறவர்'. ஒரு கோடு. ஜெனரேட்.

பழைய மெஷின். திரைல பச்சைப் பட்டை நகருது... நிக்குது... நகருது. லைட் ஒரு தடவ மினுக்குச்சு. நான் மூச்சே விடல.

திரை வந்துச்சு. பட்டாக்காரர் பேரு, பயிர் வைக்கிறவர் பேருன்னு ரெண்டு கேக்குது. ரெண்டு வரிசையும் வெச்ச எடத்துல அப்படியே தனித்தனியா நிக்குது. அன்னைக்கு நான் கோட்ல கை வெச்சிருந்தா இப்ப அது அழிஞ்சு, அங்கயே மானம் போயிருக்கும்.

சார் திரையக் கிட்டப் போயிப் பாத்தாரு. "கோட தொடவே இல்லியே?"

"இல்லீங்க சார். இதான் சார் பேப்பரே."

"நடத்துங்க"ன்னு எழுந்து போயிட்டாரு.

நான் தொப்புன்னு நாற்காலில உக்காந்துட்டேன். அப்படி ஒரு நிம்மதி அதுக்கப்புறம் என் கல்யாணத்தன்னைக்குக் கூட வரல.

சாயங்காலம் பஸ்ல மிஸ் சிரிக்கிறாங்க, கண்ணத் தொடைக்கிறாங்க.

"எங்கப்பாவே குத்தகைக்குத்தான் சார் கரும்பு வெக்கிறாரு. எங்கப்பாவையே படத்துல வுட்டுட்டன் பாருங்க..."

இப்பவும் அந்தப் பேப்பர் என் கையிலதான். இப்ப பசங்க ஏ.ஐ. கிட்ட கேட்டா கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள கோட் கொட்டுது. பச்சைப் பட்டையும் இல்ல, நெஞ்சு படபடப்பும் இல்ல. ஆனா அதுலயும் விவசாயி ஒரே கட்டம்தான். "பயிர் வைக்கிறவர் எங்கப்பா?"ன்னு கேக்கறது மட்டும் என் வேலை.

இந்த வருஷம் சேர்ந்தது மூணே பேரு. பயந்துகிட்டே எச்.ஓ.டி. ரூமுக்குப் போனேன். அந்த நாற்காலில இப்ப ஸ்டெல்லா மேடம்தான். நான் நீட்டுன லிஸ்ட்டப் பாக்கக்கூட இல்ல, கையெழுத்துப் போட்டுட்டு சொன்னாங்க.

"மூணு பேரு போதும் சார். நடத்துங்க."