சொன்னதையெல்லாம் செய்தவள்

மைசூரில் ஒரு விளையாட்டு விடுதியில் ஓட்டக்காரர்களின் கால்களைப் பிடித்துவிட்டுப் பிழைப்பு நடத்துகிறேன். பிசியோதெரபிஸ்ட் என்று கதவில் போட்டிருக்கிறது. எனக்குத் தீராத முதுகுவலி. அதற்கான பயிற்சிகள் அத்தனையும் எனக்கு அத்துப்படி, ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறேன். செய்ததுதான் இல்லை. ஒருவர் காலைப் பிடித்துவிட்டு நிமிரும்போது நான் போடும் சத்தத்தைக் கேட்டு, மேசையில் படுத்திருப்பவர்கள் எனக்கு இடம் விட்டு எழுந்ததுண்டு.

பயிற்சி சொல்லிக் கொடுத்தால் யாரும் முழுசாகச் செய்யமாட்டார்கள் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். என்னையே தெரியுமே எனக்கு. அதனால் தேவராஜ மார்க்கெட் பழக்காரர் மாதிரி நடந்துகொள்வோம். எப்படியும் பாதிக்குத்தான் கேட்பார்கள் என்று அவர் இரண்டு மடங்கு சொல்வார். ஒரு வேளை செய்தால் போதும் என்கிற பயிற்சியை நான் மூன்று வேளை என்பேன். (அந்த மார்க்கெட்டில் நானும் பேரம் பேசுகிறவன்தான். பாதி விலைக்கு வாங்கிவிட்ட மிதப்பில் வீட்டுக்குப் போனால், அதே பழத்தை அதிலும் பாதிக்கு வாங்கி வைத்திருப்பாள் என் மனைவி.)

இந்த ஏற்பாடு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கௌதள்ளியிலிருந்து அந்தத் தமிழ்ப் பெண் வரும்வரை.

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுபவள். வந்த வருஷமே முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் எலும்பு உடையவில்லை, உடையலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. மாநில அணிக்கான தேர்வு ஓட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் அணியில் சேரலாம். வராவிட்டால் விடுதியில் அவள் கட்டில் வேறொருத்திக்குப் போகும், அவள் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

அவளைச் சரிசெய்ய நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். எலும்பு டாக்டரம்மா, சத்துணவு பார்க்கும் மேடம், மனநல ஆலோசகர், கோச், நான். ஒரே கட்டடத்தில் ஐந்து அறை. ஒருவர் கதவை இன்னொருவர் தட்டியது கிடையாது. அந்தப் பெண் மட்டும் ஐந்து கதவையும் தட்டி, ஐந்து பேர் சொன்னதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போனாள்.

வாரங்கள் போயின. வலி போகவில்லை. சத்துப் போதவில்லை என்று நான் சொன்னேன். என் பயிற்சிதான் சரியில்லை என்று சத்துணவு மேடம் சொன்னதாகக் கேள்வி. கோச் கடைசியில் அவள் மேலேயே சந்தேகப்பட்டார். ராத்திரி திருட்டுத்தனமாக ஓடுகிறாள், இல்லாவிட்டால் இந்த எலும்பு எப்போதோ தேறியிருக்கும் என்று கன்னடத்தில் கத்தினார். அன்றைக்குத்தான் ஐந்து பேரும் முதல்முறையாக ஓர் அறையில், டாக்டரம்மாவின் அறையில், கூடினோம். அவளைக் கூப்பிட்டோம்.

"உண்மையைச் சொல்லும்மா. யாருக்கும் தெரியாம ஓடறியா?" என்றார் டாக்டரம்மா.

"இல்லீங்க மேடம். ஓடறதுக்கு எங்கீங்க நேரம்?"

"ஓடாம அப்படி என்ன வேலை உனக்கு?"

"நீங்கல்லாம் சொன்னதைத்தானுங்க பண்ணிட்டிருக்கறேன்."

தன் ஒரு நாளைச் சொல்ல ஆரம்பித்தாள். விடியுமுன் எழுந்து என் பயிற்சி. பிறகு நீச்சல் குளத்தில், கோச் சொன்னபடி, தண்ணீருக்குள் ஓட்டம். முட்டைகள். மதியம் மறுபடி என் பயிற்சி, மறுபடி குளம், மறுபடி முட்டைகள். ராத்திரி மூன்றாம் தடவை என் பயிற்சி. அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மனசுக்குள் பந்தயம் முழுவதையும் ஓடி முதலாவதாக வரவேண்டும் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார்.

"சில நாள் ரெண்டாவதா வந்துருவேனுங்க. அப்பறம் மறுக்கா மொதல்லருந்து ஓடோணும். தூங்கறதுக்கு ரொம்ப நேரமாயிரும்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"அந்த மூணு வேளை உங்களோடதா?"

"ஒரு வேளையாவது பண்ணுவாள்னு நெனச்சு மூணுன்னு சொன்னேன் மேடம்."

சத்துணவு மேடம் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் சொன்ன முட்டைக் கணக்கும் அப்படிப்பட்டதுதானாம். கோச் கூரையைப் பார்த்தார். காலையில் ஒரு தடவை குளத்தில் இறங்கினால் போதும் என்றுதான் அவர் இரண்டு தடவை சொன்னது. ஆலோசகர் தன் ஷூவை ஆராய்ந்தார். டாக்டரம்மா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், தன் முறை வரும்வரை. ஓய்வு எடு என்று சொன்னால் யார் எடுக்கிறார்கள் என்று, மாடிப்படியில் காலே வைக்கக்கூடாது என்று மிரட்டியிருக்கிறார். இவள் தங்கியிருந்ததோ மாடியில். படியைத் தொடாமல், சக்கர நாற்காலிக்காகக் கட்டடத்தைச் சுற்றிப் போட்டிருந்த சரிவுப் பாதையில் நாள் முழுக்க ஏறி இறங்கியிருக்கிறாள்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை, நானாகத்தான் இருக்கும். ஐந்து பேரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப நீங்க சொன்னதெல்லாம் நெசமில்லீங்களா?"

 

மறுநாளிலிருந்து ஃபிக்ஸட் ரேட். காலையில் மெஸ்ஸில் ஒரே மேசையில் ஐந்து பேரும் காபியோடு உட்காருவோம். பேரமெல்லாம் எங்களுக்குள். ஒருவர் எதையாவது சேர்க்க விரும்பினால் ஒன்றை எடுத்தாக வேண்டும். அவளுக்கு அரைமணி அதிகத் தூக்கம் வாங்க, நான் உயிராக வளர்த்த இரண்டு பயிற்சிகளை விட்டுக்கொடுத்தேன். ஆலோசகர் மனக்கண் ஓட்டத்தில் இரண்டாவது இடத்தை அனுமதித்தார். சத்துணவு மேடம் ஒரு தம்ளர் பாலுக்காகக் கோச்சோடு போட்ட சண்டையை மார்க்கெட்டில்கூடக் கேட்டதில்லை. கடைசியில் படிந்த விலையைக் கோச் ஒருவர் மட்டும் அவளிடம் போய்ச் சொல்வார். அவள் செய்வாள், அதேதான், கூடாமல் குறையாமல்.

எலும்பு யோசிப்பதை நிறுத்தியது. டாக்டரம்மா அவள் காலை அழுத்திப் பார்த்தார். அவள் முகம் சுளிக்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். "கூசுதுங்க மேடம்" என்றாள். மெல்ல ஓட விட்டோம், அப்புறம் வேகமாக.

தேர்வு நாளன்று ஐந்து பேரும் மைதானத்தில் இருந்தோம். ஆளுக்கொரு கடைசி நிமிட அறிவுரை தொண்டை வரை வந்து நின்றது. ஏற்கெனவே பேசி முடித்திருந்தோம், ஒரே சொல் என்று. கோச் அவளிடம் போய், "ஓடு" என்றார். கன்னடத்திலும் அதேதான் என்பதால் மொழிபெயர்ப்புச் செலவும் மிச்சம்.

முதல் இரண்டு சுற்று நான்காவதாக ஓடினாள். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்ததும் மூன்றாவது. எதிர்ப்பக்கத்து நேர்ப்பாதையில் ஒருத்தியைத் தாண்டினாள். இரண்டாவது இடம் கையில், அதுவே போதும், அப்படியே வா என்று நான் முணுமுணுத்தேன். வளைவு முடிந்து நேர்ப்பாதைக்கு வந்தாள். அவள் போதும் என்று நினைப்பவள் இல்லை என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. முன்னால் ஓடியவளின் தோளுக்கு வந்தாள். சேர்ந்து ஓடினாள். தாண்டினாள். டாக்டரம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முடிவுக்கோட்டை நோக்கி ஓடினார். கோச் அழுதார். நான் வானத்துக்குக் குதித்தேன், பூமிக்குத் திரும்பியபோது முதுகு பிடித்துக்கொண்டது. எங்கள் பெண் முதலாவதாக வந்ததை நான் தரையைப் பார்த்தபடிதான் கேட்டேன்.

கோட்டைத் தாண்டியும் அவள் நிற்கவில்லை. நில் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. கோச் துரத்திக்கொண்டு போய்ப் பிடித்துக் கூட்டிவந்தார்.

வந்தவள் வளைந்து நிற்கும் என்னைப் பார்த்தாள். கோச்சும் ஆலோசகரும் என்னைப் புல்லில் கிடத்தினார்கள்.

"இதுக்குப் பயிற்சி இருக்குமுங்களே சார்?"

"இருக்கு."

"எத்தனை வேளைங்க?"

பழக்கதோஷம், "மூணு" என்று வாய் எடுத்தேன்.

"நெசமான வெலையச் சொல்லுங்க சார்."

"ஒண்ணு."

அவள் என் பக்கத்தில் புல்லில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப ஆரம்பிங்க. நான் பாத்துட்டு இருக்கறேன்."

மற்ற நால்வரும் சுற்றி நின்று பார்க்க, நான் முழங்காலை மடக்கி நெஞ்சுக்குக் கொண்டுவந்தேன்.