புத்தகத்துக்குச் சூட்டிய பூ

எங்கள் வாசிப்பு வட்டத்தில் புத்தகம் பாதி, சாப்பாடு பாதி. மேசை அலங்காரம் மூன்றாவது பாதி. நாங்கள் ஆறு பெண்கள். மாதம் ஒருத்தி வீட்டில், ஞாயிறு மதியம் கூடுவோம். கூப்பிடுகிறவள் தனக்குப் பிடித்த புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, பார்த்தவுடன் கதை தெரிகிற மாதிரி சாப்பாட்டு மேசையை ஜோடித்து வைக்க வேண்டும். இந்த யோசனையை முதலில் சொன்னது யார் என்று இப்போது கேட்டால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் வங்கிக்காரி, மீனவர் கதை ஒன்றுக்காக மேசைமேல் நீலப் புடவையை விரித்து நெத்திலிக் கருவாட்டைத் தூவினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பாயசம் குடிக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மேருவிலிருந்து வரும் ஆசிரியை, துப்பறியும் கதைக்காக வெள்ளை விரிப்பில் ரோஸ் சிரப்பைக் கொட்டி ரத்தமாக்கினாள். அது அவளுடைய மாமியாரின் விரிப்பு. கதையில் கொலைகாரன் மாட்டினான், வீட்டில் இவள் மாட்டினாள்.

எனக்கு இதிலெல்லாம் பொறுமை கிடையாது. என் முறையை மூன்று தடவை தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒத்துக்கொண்டது அண்ணனுக்காக.

அண்ணி இறந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. அன்றிலிருந்து அண்ணன் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. கிள்ளானில் அவர் வீட்டு அடுப்பு பற்றவைக்கப்படுவதே இல்லை. கடையில் சோற்றைப் பொட்டலமாகத் தப்பாவ் செய்து வாங்கிக்கொண்டு, காரை ஏதாவது மரத்தடியில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே சாப்பிடுவார். கல்யாணத்துக்குப் போனால் மணமக்களுக்கு அட்சதை போட்டுவிட்டு, பந்திக்கு முன்பே நழுவிவிடுவார். கூப்பிட்டால் ஒரே பதில், சாப்பிட்டாயிற்று. பட்டினி கிடப்பவரைத் திட்டலாம். சாப்பிட்டுவிட்டேன் என்கிறவரை என்ன செய்வது? அவர் மெலிந்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தனியாகச் சாப்பிடுவதற்கு அவர் பழகிக்கொண்டிருந்தாரே, அதுதான் பயமாக இருந்தது. ஒரே ஒரு வேளையாவது அவரை மனிதர்களோடு உட்கார வைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

சோறு என்றால் வரமாட்டார், நாற்காலி என்றால் வருவார். பிரிக்பீல்ட்ஸில் என் பிளாட்டில் இருப்பது நான்கு நாற்காலிதான். மடக்கு நாற்காலி மூன்று கொண்டுவந்து கொடுங்கள் அண்ணே என்று போன் செய்தேன். சரி என்றார். உள்ளே வந்தபிறகு ஆறு பெண்கள் சேர்ந்து ஒரு ஆளை உட்கார வைக்க முடியாதா என்பது என் கணக்கு.

நான் எடுத்துக்கொண்ட நாவலில் ஒரு பெண் வருகிறாள். லோரி ஓட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போன அவள் கணவன் திரும்பி வருவதில்லை. தினமும் பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றி, இலை போட்டு, அவனுக்குப் பரிமாறிவிட்டுக் காத்திருப்பாள். நானும் அப்படியே செய்தேன். மேசையின் தலைமாட்டில் ஒரு வாழையிலை. அதில் சோறு, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம். பித்தளைத் தம்ளரில் தண்ணீர், பக்கத்தில் சின்னக் குத்துவிளக்கு. எதிரில் புத்தகத்தை நிமிர்த்தி வைத்தேன். அட்டையில் அந்தப் பெண்ணின் முகம், கறுப்பு வெள்ளையில். கொஞ்சம் வெறிச்சென்று இருந்தது. கீழே இறங்கிப் போய் பூக்கடையில் ஒரு முழம் மல்லிகை வாங்கிவந்து புத்தகத்தைச் சுற்றிப் போட்டேன். தள்ளி நின்று பார்த்தேன். இத்தனை மாதத்தில் இதுதான் நல்ல மேசை என்று பெருமையாகக்கூட இருந்தது.

ஆசிரியைதான் முதலில் வந்தாள். லிப்டிலிருந்தே சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தவள், மேசையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். புத்தகத்துக்குத்தான் இந்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தடுத்து வந்தவர்களும் சுவரோரமாக நின்றார்களே தவிர யாரும் உட்காரவில்லை. ஒருத்தி போய் ரேடியோவை அணைத்தாள்.

வங்கிக்காரி மட்டும் சமையலறைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, தெவசம் அடுத்த மாசம்னுதான் நெனச்சேன். ஒரு மெசேஜ் போட்டிருந்தா காலைல கோழி சாப்பிடாம வந்திருப்பேன்."

சமையலறை வாசற்படியில் நின்று மேசையைத் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விளக்கு, இலை, தண்ணீர், பெண் முகம், அதைச் சுற்றிப் பூ. அட்டையில் இருப்பது யார் என்று யாரும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் என்ன? எத்தனை புத்தகம் படித்தாலும் தமிழர்கள் தமிழர்கள்தான். முகத்துக்குப் பூப் போட்டு முன்னால் சோறு வைத்தால் அது படையல். அதிலும் மீன் குழம்பு. அண்ணி வைக்கிற மீன் குழம்பை இவர்கள் அத்தனை பேரும் சாப்பிட்டிருக்கிறார்கள்.

மேசையைக் கலைத்துவிடலாம் என்று ஓடினேன். அதற்குள் கதவு திறந்தது. இரண்டு கையிலும் நாற்காலிகளோடு அண்ணன் நின்றார். அவர் கண் நேராக அந்த இலைக்குப் போனது. இது புத்தகம் அண்ணே, ஒரு கதைக்காக வைத்தது என்று உளறிக்கொண்டே பூவை எடுக்கப் போனேன். இனி இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டார் என்று நினைத்தேன். அழுகை வந்தது.

"எடுக்காத," என்றார்.

நாற்காலிகளைச் சுவரில் சாத்தி வைத்தார்.

"படைச்சா கதவச் சாத்திட்டு எல்லாரும் வெளிய போயிடுறோம்," என்றார். "அவளுக்குத் தனியா சாப்பிடவே பிடிக்காது லா."

ஒரு நாற்காலியை விரித்து, அந்த இலைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். யாரும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. நான் அவருக்கு இலை போட்டேன். மற்றவர்களும் மெல்ல வந்து உட்கார்ந்தார்கள். ஆசிரியை தன் மாமியாரின் விரிப்பைப் பற்றி ஆரம்பித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார். ரசத்துக்கு வந்தபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அது என்ன கதை?"

சொன்னேன். லோரி, எல்லை, இலை, விளக்கு.

"புருஷன் வந்துருவானா?"

"வரமாட்டான்ண்ணே."

"அப்ப அந்தச் சோறு?"

"மறுநாள் காலைல அவளே தண்ணி ஊத்தித் தனியா சாப்பிட்டுருவா."

அண்ணன் பக்கத்து இலையைப் பார்த்தார். அப்பளம் நமத்துப் போயிருந்தது. குழம்பில் ஆடை படிந்திருந்தது. இலையின் ஓரத்தைப் பிடித்து மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"காலை வரைக்கும் எதுக்கு," என்று சொல்லி, எங்கள் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து அந்தச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார்.