அண்ணன் என்னை ஏற்றாத படகு

என் அண்ணன் என்னைச் சாகவிடப் பார்த்தார் என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். கல்யாணப் பந்தியில் நானே சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். முதலாம் ஆண்டு நினைவுக்கு, "நல்லதா எழுதுங்க தம்பி" என்றார் அண்ணி. அண்ணனைப் பற்றி நல்லதாக எழுதுவது லேசான வேலை இல்லை.

அண்ணன் கூலாய்க்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தார். அப்பா தவறியதும் பள்ளியை விட்டுக் குலை வெட்டப் போனார். பிறகு திரங்கானு கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையில் கூலியாளானார். குழாய் இழுப்பது, சேறு கழுவுவது, துரு சுரண்டிச் சாயம் அடிப்பது. விடுப்பில் வீட்டுக்கு வந்தால் பேச மாட்டார். பேசினால் அது திட்டாகத்தான் இருக்கும்.

அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் என்னையும் அங்கே சேர்த்துவிட்டார். போய் இறங்கிய அன்றே சூப்பர்வைசரைப் பிடித்து எனக்கு வேறு ஷிப்ட், வேறு அறை என்று மாற்ற வைத்தார். ஆபத்து வந்தால் ஏறும் படகும் வேறு. அவருக்கு இந்தப் பக்கம், எனக்கு எதிர்ப்பக்கம். ஏன் என்று கேட்டேன். "ஒன் மூஞ்சிய வீட்லயே பாத்தாச்சு" என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. அவர் நடப்பது போல நடந்து காட்டிச் சாப்பாட்டு அறையைச் சிரிக்க வைத்தேன். பின்னால் நின்று பார்த்துவிட்டார். அதோடு திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார்.

இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் அபாய மணி அடித்தது. மேடையே வெடிக்கப் போகிறது என்று முடிவு செய்தேன். கைலியோடு, மிதவைச் சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு ஓடினேன். என் படகுக்கு இல்லை, அண்ணன் படகுக்கு. கால்கள் தாமாக அங்கே போயின. படகு வாசலில் நின்ற அவர் என் நெஞ்சில் கை வைத்துத் தடுத்தார்.

"ஒன் போட்டு அந்தப் பக்கம்."

"நான் ஒங்ககூடத்தான் வருவேன்."

"இங்க எடமில்ல. போடா."

உள்ளே இரண்டு இருக்கைகள் காலியாக இருந்தன. காட்டினேன். அறைந்தார். ஒரு கையால் கன்னத்தையும் மறு கையால் கைலியையும் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினேன்.

அது வாராந்திர ஒத்திகை. தூங்கிய எனக்கு மட்டும் தெரியவில்லை. ஒத்திகை தாமதமாகிவிட்டது, கடைசியாக ஏறியவன் நான்தான் என்று மேடை முழுக்கச் சிரித்தார்கள். அடுத்த ஹெலிகாப்டரில் கரைக்கு வந்து, பாசிர் கூடாங்கில் வேலை தேடிக்கொண்டேன். அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சில்லை.

கடைசி நாள்களில் மருத்துவமனைக்குப் போய்க் கட்டிலருகே நின்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "சட்டைய நேராப் போட்டு வந்தியா?" என்று கேட்டார். எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். கோபத்தோடுதான் கொள்ளி வைத்தேன்.

கூடாரம் போட்ட பக்கத்து வீட்டாருக்கும், சமைத்துப் போட்ட சித்திகளுக்கும், அண்ணியோடு மாறி மாறி மருத்துவமனையில் உட்கார்ந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பதினாறாம் நாள் காரியத்துக்குக் குளுவாங்கிலிருந்து வந்த சார்லஸ் அண்ணனுக்கும் நன்றி. மேடையில் என் அண்ணன் படகுக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர்.

அவரிடமும் அதே கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே போட்டுல போனா அம்மாவுக்கு யாரு இருப்பான்னு சூப்பர்வைசர்கிட்ட சண்ட போட்டாரு லா" என்றார்.

ஒத்திகை அன்றைக்குக் கடைசியாக ஏறியது நான் இல்லையாம். நான் ஓடிய பிறகு அண்ணன், எதிர்ப்பக்கப் படகு தெரியும் மேடை மூலையில் போய் நின்றுகொண்டார். எதிர்ப்பக்கத்தில் நான் ஏறி உட்கார்ந்து பெல்ட் போடும்வரை, சார்லஸ் அண்ணன் எத்தனை முறை கத்தியும், தம் படகில் ஏறவில்லை.