பொது டிரைவும் என் நாத்தனாரின் பாஸ்வேர்டும்

என் நாத்தனாரும் நானும் சேர்ந்து கல்யாண ஆல்பம் செய்து கொடுக்கிறோம். போட்டோக்களைத் திருத்துவது நான், பக்கங்களை அமைப்பது அவள். இருப்பது ஒரே கம்ப்யூட்டர். எனக்குக் காலேஜ் நாளிலிருந்து லினக்ஸ்தான் பழக்கம். அவளுக்கோ விண்டோஸ் இல்லாமல் கை ஓடாது. அதனால் ஒரே பெட்டியில் இரண்டையும் போட்டு, இரண்டிலிருந்தும் திறக்கிற மாதிரி ஒரு டிரைவை ஒதுக்கி, அதற்குப் ‘பொது’ என்று பெயர் வைத்திருந்தோம். நான் திருத்திய படங்களை அதில் போட்டால் அவள் எடுத்துக்கொள்வாள்.

போன வருஷம் ஒரு பௌர்ணமி. அடி அண்ணாமலையில் நடந்த ஓர் அறுபதாம் கல்யாணத்தின் ஆல்பம், அச்சுக்குப் போகும் முன் திரையில் பார்க்கத் தம்பதி சாயங்காலம் வருவதாக இருந்தார்கள். நாத்தனார் கீழ்பென்னாத்தூர் போயிருந்தாள். மதியம் வந்து பக்கங்களை முடிப்பாள். எனக்கோ அதற்குள் மகளின் ஸ்கூல் மீட்டிங்குக்குக் கிளம்ப வேண்டும். படங்களை முடித்துப் ‘பொது’வில் சேமிக்கப் போனேன். முடியாது என்றது. படிக்கலாம், எழுதக் கூடாதாம். பென்டிரைவ் அவள் பையில். கிரிவலக் கூட்டத்தில் நெட்டும் நகரவில்லை.

போன் போட்டேன்.

“நேத்து விண்டோஸை எப்படி மூடின?”

“ஷட் டவுன் பண்ணிட்டுத்தான் எழுந்தேன் அண்ணி.”

“அது முழுசா மூடலம்மா. மறுபடி சீக்கிரம் திறக்கணும்னு அரைத் தூக்கத்துல இருக்கு, டிரைவை விட மாட்டேங்குது. உள்ள போய் ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும். பாஸ்வேர்ட் சொல்லு.”

வழக்கமாக அவள் எழுந்ததுமே நான் ரீஸ்டார்ட் செய்து உட்கார்ந்துவிடுவேன். அதனால் இந்தச் சிக்கல் வந்ததே இல்லை, பாஸ்வேர்டும் தேவைப்பட்டதில்லை.

மறுமுனையில் கண்டக்டர் விசில் கேட்டது; பஸ்ஸில் இருந்தாள்.

“நானே வந்து பண்ணிக்கிறேனே அண்ணி.”

“லினக்ஸ்லேர்ந்து படத்தை எடுக்க உனக்குத் தெரியாதே. சொல்லு.”

“கோவிச்சுக்கக் கூடாது... அண்ணி சாம்பார்ல உப்பு ஜாஸ்தி. இங்கிலீஷ் எழுத்துல, நடுவுல இடம் விடாம.”

“எப்ப வெச்ச இதை?”

“நீங்க கல்யாணமாகி வந்த வாரம். கை பழகிடுச்சு, மாத்தல.”

ஆறு வருஷமாக வீட்டில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை! முதலில் சுருக்கென்றது. ஆனால் ஒவ்வொரு எழுத்தாக அடிக்க அடிக்கச் சிரிப்பு தாங்காமல் இரண்டு முறை தப்பாக அடித்தேன். உள்ளே போனதும், வேகமாகத் திறப்பதற்கான அந்த வசதியைத் தேடி நிறுத்தினேன். ரீஸ்டார்ட் செய்து லினக்ஸுக்கு வந்தேன். படங்கள் எல்லாம் மறுபேச்சில்லாமல் ‘பொது’வில் போய் உட்கார்ந்தன.

சாயங்காலம் தம்பதி வந்தபோது பக்கங்கள் தயாராக இருந்தன. அந்த அம்மா ஒரு படத்தில் விரலை வைத்தார்.

“இது நெஜமாவே இவரு சிரிச்சதா, இல்ல நீங்க கம்ப்யூட்டர்ல போட்டீங்களா?”

“அவரே சிரிச்சதுதாம்மா.”

அவர் கணவரிடம் திரும்பினார். “தாலி கட்டும்போது என்ன சிரிப்பு உங்களுக்கு?”

“ரெண்டாவது தடவையும் ஒத்துக்கிட்டியே, அதான்.”

நாத்தனார் அந்தப் படத்தை முழுப் பக்கத்துக்கு இழுத்துவிட்டாள்.