மூன்று பேருக்கான பெட்டி

டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியேதான் பார்ப்பான் என்பது செக்கரின் இருபத்திரண்டு வருட அனுபவம். எடுத்தவன் எங்கே வேண்டுமானாலும் பார்ப்பான், பக்கத்து ஆளின் செல்போனைக்கூட எட்டிப் பார்ப்பான். எடுக்காதவனுக்குத்தான் தெருவின் மேல் திடீரென்று அப்படியொரு அக்கறை பிறக்கும்.

நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதனை அவர் வேலை. எந்த ஸ்டாப்பில் ஏறுவார் என்று ஓட்டுநருக்கே தெரியாது. ஏறியதும் வாயைத் திறக்க மாட்டார். நேராகப் பின்வாசலுக்குப் போய்க் கையைக் குறுக்கே போட்டு நின்றுகொள்வார். இறங்குகிறவன் அங்கே வந்துதானே ஆக வேண்டும்? வந்ததும் இரண்டே கேள்வி. எங்க ஏறுனீங்க, எங்க எறங்குறீங்க. பதில் வருகிற வேகத்திலேயே ஆள் யாரென்று அவருக்குத் தெரிந்துவிடும். குடியிருப்பில் எல்லாரும் அவரைச் செக்கர் என்றுதான் சொல்வார்கள். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

வேலையை வேலையோடு விட்டுவிட்டு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மனுஷன் வீட்டுக்கு வந்தும் சோப்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் கரைந்தது என்று துப்பறிவார். மகள் பள்ளியிலிருந்து பத்து நிமிடம் தாமதமாக வந்தால் செருப்பைக் குனிந்து பார்ப்பார், எந்தத் தெரு மண் என்று.

வீடு மூன்றாவது மாடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, இருவர் ஒன்றாக நின்றால் முழங்கை இடிக்கும் சமையலறை, துணிக்கொடி கட்டுமளவுக்கு ஒரு பால்கனி. வாடகை ஒப்பந்தத்தில் மூன்று பேர் என்று எழுதியிருந்தது. செக்கர், மனைவி, பதினான்கு வயது மகள். நாலாவதாக ஒருவர் தங்கினால் காலி செய்ய வேண்டும் என்றும் தனியாக ஒரு வரி இருந்தது. வீட்டுக்காரர் தண்ணீர் விஷயத்தில் ரொம்பக் கறார்.

நாலாவது ஆள் வந்து எட்டு மாதம் ஆகிறது. மனைவியின் அப்பா. மாமியார் போனபிறகு தனியாக இருந்தவரை மனைவிதான் கூட்டிவந்தாள். ஏதோ ஓர் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரே ஒரு சூட்கேஸும் ஒரு துணிப்பையும் மடக்குக்கட்டிலும் அவர் சொத்து. பகலில் கட்டிலை மடித்துச் சுவரில் சாய்த்துவிடுவார், சாயங்காலம் விரிப்பார். ஒன்றாம் தேதி வீட்டுக்காரர் குழாய்களைப் பார்க்க மேலே வரும்போது, மாமனார் பையை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. கேஸ் கொண்டுவருபவர் கேட்டாலும், கணக்கெடுக்க வந்தவர்கள் கேட்டாலும் "மூணு பேரு" என்று சொல்லிச் சொல்லி அந்த வீட்டில் எல்லார் நாக்கும் அதற்கே பழகியிருந்தது.

அந்த வருடம் மழை நாலு நாள் விடாமல் கொட்டியது. தெருவில் இடுப்பளவு தண்ணீர், மின்சாரம் கிடையாது, கடை கிடையாது. இரண்டாம் நாளே வீட்டில் குடிக்கத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு வாசலில் செம்போடு நின்றதைச் செக்கரால் மறக்க முடியவில்லை. வெள்ளம் வடிந்ததும் நகர நிர்வாகம் வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்தது. மூன்று நாளைக்கு வேண்டிய தண்ணீர், உலர்ந்த உணவு, டார்ச், மருந்து, பத்திரங்களின் நகல், எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கவும் என்று அதில் இருந்தது.

செக்கர் மறுநாளே மூடிபோட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டியோடு வந்துவிட்டார். இரண்டு பேர் தூக்க வேண்டிய பெட்டி.

"இத எங்க வைக்கறதா உத்தேசம்? என் தலையிலயா?" என்றாள் மனைவி.

"எடம் இருக்கு. நீங்கதான் அடைச்சு வச்சிருக்கீங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சோதனை நடந்தது. பரணில் ஏறினார். பழைய மிக்ஸி, பழைய மின்விசிறி, எதற்கென்று தெரியாத மூன்று மூடிகள். எதையும் தூக்கிப்போட மனைவி விடவில்லை. கட்டிலுக்கடியில் கைவிட்டார், மகளின் பழைய பாடப்புத்தகங்களும் அவற்றுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த உதட்டுச்சாயமும் வந்தன. அதற்கு ஒரு மணி நேரம் விசாரணை. "அப்பா, நீங்க எடம் தேடுறீங்களா, ஆள் தேடுறீங்களா?" என்று மகள் கேட்டேவிட்டாள். அரிசி டின்னுக்குப் பின்னால் மனைவி வைத்திருந்த சின்னப் பையும் அகப்பட்டது. அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு ஒரு முறை முறைத்தாள், அதோடு அந்த விசாரணை முடிந்தது.

வீட்டில் எல்லாருக்கும் ஒரு மூலை இருந்தது, பெட்டிக்குத்தான் இல்லை. கடைசியில் டேப்பை நீட்டி ஹாலை அளந்தார். மாமனாரின் கட்டில் விரிகிற இடம் மட்டும் பெட்டிக்கு அச்சு அசலாகப் பொருந்தியது. சுவரில் பென்சிலால் இரண்டு கோடு போட்டார். மாமனார் அப்போது பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சும்மா அளந்துதான் பார்த்தேன் என்று செக்கர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நானும் அப்படியே நம்பிவிடுகிறேன், எதற்கு வம்பு?

பெட்டி தற்காலிகமாக ஹால் நடுவில் உட்கார்ந்தது. பட்டியலைக் கொட்டை எழுத்தில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினார். தலைப்பு: மூன்று பேர், மூன்று நாள். தண்ணீர் பாட்டில், பிஸ்கட் பாக்கெட், மெழுகுவர்த்தி, எல்லாம் மூன்றால் பெருக்கி. டார்ச் மூன்று. நாக்குக்கு இருந்த பழக்கம் கைக்கும் வந்துவிட்டது. அதோடு, பீரோ திறந்திருக்கும்போது வீட்டுக்காரர் கண்ணில் பட்டாலும் பிரச்சினை இல்லை என்று ஒரு முன்யோசனை வேறு.

பத்து நாள் கழித்துப் பெட்டியைத் திறந்து எண்ணினார். டார்ச் இரண்டுதான் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் "டார்ச்ச யார் எடுத்தது?" என்று கேட்டிருப்பார்கள். அதோடு விஷயம் முடிந்திருக்கும். செக்கர் கேட்பாரா? கேட்டால் ஆள் உஷாராகிவிடுவானே! மூடியைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார்.

பார்க்க ஆரம்பித்தால் தடயத்துக்கா பஞ்சம்? மாமனார் சாயங்காலம் நடக்கப் போகும்போது வெறுங்கையோடு போனார், வரும்போது சட்டைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தார். சூட்கேஸ் பக்கம் பிளாஸ்டிக் உறை சரசரக்கும், செக்கர் தலை தெரிந்ததும் நின்றுவிடும். ஒருநாள் பெட்டிக்குள் இருக்கிற அதே பிஸ்கட் பாக்கெட் அவர் கையில் இருந்தது. கொடியில் காயும் சட்டைகளையும் கவனித்தார். முன்பு ஏழெட்டு நிறம் காயும், இப்போது மாற்றி மாற்றி இரண்டே சட்டை. மற்றதெல்லாம் எங்கே? எங்கே விற்கிறார்? விற்று என்ன செய்கிறார்? இதையெல்லாம்விட, மாமனார் இப்போதெல்லாம் பேசும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். செக்கருக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

"உங்க அப்பா சட்டையெல்லாம் எங்க?" என்று மனைவியிடம் மெல்லப் போட்டுப் பார்த்தார்.

"அவர் சட்டை மேல உங்களுக்கு என்ன கண்ணு? போட்டுக்கப் போறீங்களா?"

இவளும் கூட்டோ என்று அவருக்கு ஓடியது.

அந்த வாரம் மச்சானுக்குப் போன் செய்தார். மனைவியின் தம்பி நகரத்தின் அந்தக் கோடியில் குடியிருந்தான். "அப்பாவ ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போப்பா. இங்க சரிப்பட்டு வரல. காரணத்த நேர்ல சொல்றேன்" என்றார். பாத்துட்டுச் சொல்றேன் என்று அவன் இழுத்தான். செக்கர் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டார். மனைவியிடம் சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடித்துக் காட்டினால் அவளால் மறுத்துப் பேச முடியாது, கிழவர் போவார், பெட்டி கட்டில் இடத்துக்குப் போகும். மனசுக்குள் எல்லாம் பொருந்தி வந்தது.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு. மனைவி தையல் கம்பெனியில், மகள் பள்ளியில். யாரும் எதிர்பார்க்காத மதியம் மூன்று மணிக்குச் சத்தமில்லாமல் சாவியைத் திருகி உள்ளே போனார். மாமனார் தரையில் உட்கார்ந்து சூட்கேஸைத் திறந்து வைத்திருந்தார். முழங்கால் பக்கத்தில் புத்தம்புது டார்ச் ஒன்று கிடந்தது.

செக்கர் கதவைச் சாத்தி, கையைக் குறுக்கே போட்டு நின்றார்.

"பெட்டியில ஒரு டார்ச் கொறையுது, மாமா."

"அதுவா?" என்றார் மாமனார் நிதானமாக. "போன மாசம் ஃபியூஸ் போச்சுல்ல, அன்னைக்குப் பாப்பா எடுத்தா. சிலிண்டருக்குப் பின்னாடி வச்சுட்டு மறந்துட்டா. இன்னும் அங்கதான் கெடக்குது."

செக்கர் சமையலறைக்குள் போய்க் குனிந்து பார்த்தார். கிடந்தது. ஆனாலும் ஆள் விட்டுவிடுவாரா? திரும்பி வந்து சூட்கேஸைக் காட்டினார். "அப்ப இது?"

மாமனார் சூட்கேஸை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். தண்ணீர் பாட்டில்கள். பிஸ்கட், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பஞ்சு, காய்ச்சல் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை. பென்ஷன் புத்தகத்தின் நகல் பிளாஸ்டிக் உறைக்குள். பீரோ கதவில் இருந்த பட்டியல் அப்படியே, ஒரே ஓர் ஆளுக்கு. ஓரத்தில் ஒரு துண்டும் ஒரு சட்டையும் மட்டும் மடித்து வைத்திருந்தது.

"எடம் போதல மாப்பிள்ள. அதான் சட்டையெல்லாம் கீழ வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டேன். ரெண்டு போதாதா எனக்கு?"

சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். கடை ரசீதுகள். தேதிவாரியாக அடுக்கி, மூலையில் குண்டூசி குத்தியிருந்தது. அலுவலகப் பழக்கம்.

"எல்லாத்துக்கும் பில் இருக்கு. நீங்க கேப்பீங்கன்னு எடுத்து வச்சேன்."

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை லட்சம் டிக்கெட்டை அந்தக் கை வாங்கியிருக்கும்! அந்த ரசீதுகளை வாங்கிய செக்கர் முதல் தாளின் தேதியைக்கூடப் படிக்கவில்லை. அவமானம் என்றால் அப்படியொரு அவமானம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

"எதுக்கு மாமா தனியா?"

"பட்டியல்ல மூணு பேருன்னு இருந்துச்சு. அது சரிதான், வீட்டுக்காரர் பாத்தா வம்பு. நான் உங்க பங்குல கை வைக்கக் கூடாதில்ல?" சுவரைப் பார்த்தார். "கோடு போட்டிருந்தீங்க. பெட்டி அங்க நல்லாப் பொருந்தும். தம்பி போன் பண்ணான். நீங்க கூட்டிட்டுப் போகச் சொன்னீங்களாம். அவன் வீட்லயும் எடம் இல்லையாம். பாவம், அவன் என்ன செய்வான்? எப்படியும் கெளம்ப வேண்டியதுதானேன்னு எடுத்து அடுக்கிட்டிருந்தேன்."

செக்கர் வாயிலிருந்து, தினமும் நூறு தடவை வருகிற அந்தக் கேள்வி தானாக வந்தது.

"எங்க எறங்கறதா இருந்தீங்க?"

மாமனார் கொஞ்சம் யோசித்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அது இன்னும் தெரியல மாப்பிள்ள."

செக்கர் குண்டூசியோடு ரசீதுகளைத் திருப்பிக் கொடுத்தார். பேனாவை எடுத்துக்கொண்டு பீரோவைத் திறந்து, மூன்று பேர் என்பதை அடித்து நான்கு என்று எழுதினார். ஒவ்வொரு வரியையும் மறுபடி பெருக்கி எழுதினார். பாட்டில் கணக்கை இரண்டு தடவை தப்பாகப் போட்டார், கண் சரியாகத் தெரியவில்லை. பிறகு மகளின் ரப்பரைத் தேடி எடுத்துச் சுவர்க்கோட்டை அழித்தார். கோடு போனது, அழுக்காக ஒரு தீற்றல் மட்டும் நின்றுவிட்டது.

சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் அவரே சொன்னார். அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அது அவருக்கு வேண்டியதுதான். மூன்றாம் நாள் அவளாகவே பரணில் ஏறி மிக்ஸி, மின்விசிறி, மூடிகள் எல்லாவற்றையும் கீழே தள்ளினாள். பெரிய பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்து இரண்டு சின்னப் பெட்டியாக மாற்றிப் பரணில் ஏற்றினார்கள். சூட்கேஸில் இருந்ததும் அவற்றோடு சேர்ந்தது.

ஒன்றாம் தேதி காலை வீட்டுக்காரரின் செருப்புச் சத்தம் படியில் கேட்டது. மாமனார் வழக்கம்போலக் கட்டிலை மடித்துவிட்டுப் பையை எடுத்தார். வாசலுக்கு வந்தால், செக்கர் கையைக் குறுக்கே போட்டு நிற்கிறார்.

"வழி விடுங்க மாப்பிள்ள. வந்துட்டாரு."

"வரட்டும். உள்ள போய் உக்காருங்க மாமா."

"ஒப்பந்தத்துல மூணு பேருன்னு..."

"அத நான் பேசிக்கறேன். எறங்க வேணாம்."

வீட்டுக்காரர் படியேறி வந்து, செக்கரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "யாரு அது உள்ள?"

"என் மாமனார்" என்றார் செக்கர். "எட்டு மாசமா இங்கதான் இருக்காரு. நாங்க நாலு பேரு."

வீட்டுக்காரர் முகம் மாறியது. அவர் பேச ஆரம்பித்தார், சீக்கிரத்தில் நிறுத்துகிற மாதிரி தெரியவில்லை. செக்கர் கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டே நின்றார். அவருக்குப் பின்னால், மடித்த கட்டிலை மறுபடி விரிக்கிற சத்தம் கேட்டது.