ராசிக் கணினியின் மூட்டை

"வலையமைப்பு நிர்வாகி. கண்டிப்பானவர். அலுவலக இணையத்தை வீணடிக்கும் பணியாளர் எவராயினும் தயவு தாட்சண்யமின்றிக் கண்டறிந்து நிர்வாகத்திடம் ஒப்படைக்க வல்லவர்."

இளம்பிள்ளை ஊரில் சேலை நெய்து விற்கும் கண்ணாத்தாள் சில்க்ஸின் நியமன உத்தரவில் சிவபிரகாஷைப் பற்றி இப்படித்தான் இருக்கிறது. எழுதியது ஆடிட்டர் அலுவலகம். ஆளைப் பார்க்காமல் எழுதியது என்பதால் அதைக் குறை சொல்வதற்கில்லை.

ஆளைப் பார்த்தவர்களுக்கு வேறு விதமாகத் தெரியும். மல்லசமுத்திரத்திலிருந்து பைக்கில் வந்து இறங்கும் இந்தக் கண்டிப்பானவர், தன் நாற்காலியில் ஆபீஸ் பூனை படுத்திருந்தால் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். சர்க்கரை இல்லாத டீ கேட்டு, சர்க்கரையோடு வந்தால், குடித்துவிட்டு நன்றாக இருந்ததென்று சொல்லி அனுப்புவார். காட்டிக்கொடுக்கும் வேலைக்கு இவ்வளவு பொருத்தமில்லாத ஒருவரைத் தேடிப் பிடித்தது முதலாளி நவநீதகிருஷ்ணனின் கைராசி.

கைராசியில் அவருக்கு நம்பிக்கை உண்டு. அதுதான் இந்தக் கதையே.

அங்கே சேலைக்கான பார்டரும் முந்தியும் கணினியில் வரையப்பட்டுத் தறிக்குப் போகும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாக் கணினிகளும் தங்கள் டிசைன்களின் நகலை இணையம் வழியே கொண்டப்பநாயக்கன்பட்டியில் முதலாளி வீட்டு மாடியிலிருக்கும் சேமிப்புப் பெட்டிக்கு அனுப்பும். இதற்குப் பேக்கப் என்று பெயர். யாரும் வேலை செய்யாத நேரம் என்பதால் அந்த நேரம். ஆனால் அதே நேரத்தில்தான் நவநீதகிருஷ்ணன் வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு வீடியோவில் சேலை காட்டுவார். சில மாதங்களாக அவர் முந்தியை விரித்துப் பிடித்ததும் படம் நின்றுவிடுகிறது. பெங்களூர் அம்மாள் ஒருவர், வாயைத் திறந்தபடி உறைந்து நின்ற முதலாளியை வெகுநேரம் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார்.

"எவனோ எவளோ இங்க உக்காந்து சினிமாப் பாக்கறாங்க," என்றார் நவநீதகிருஷ்ணன். "ஏப்பா சிவா, எந்த மெஷினு இழுக்குதுன்னு மட்டும் சொல்லு. நாளையில இருந்து அந்த ஆளு ஊட்லயே உக்காந்து பாக்கட்டும்."

"பாக்கறனுங்ணா," என்றார் சிவபிரகாஷ். பார்க்காமல் இருக்க வழியுண்டா என்றும் யோசித்தார்.

வழியில்லை. ஒவ்வொரு கணினியும் எவ்வளவு இணையத்தை இழுக்கிறது என்று தனித்தனியே காட்டும் ஒரு மென்பொருளைப் போட்டார். கணினிக்கு ஒரு நிறக் கோடு. பேக்கப் தொடங்கியது. மூத்த டிசைனர் மஞ்சுளாவின் கோடு லேசாகத் துள்ளியது. அது சமையல் வீடியோ, அதைக் கண்டும் காணாததுபோல் விட்டார். மற்றவை தரையோடு கிடந்தன. ஒரே ஒரு மஞ்சள் கோடு மட்டும் கோபுர பார்டர் மாதிரி எழும்பி உச்சியிலேயே நின்றது. சௌந்தர்யாவின் கணினி.

சிவபிரகாஷுக்குச் சோறு இறங்கவில்லை. மாங்காய்க் கொடியை வரைவதில் சௌந்தர்யாவை மிஞ்ச அங்கே ஆளில்லை. இளம்பிள்ளையோ சின்ன ஊர். படம் பார்த்ததற்காக வேலையைவிட்டு அனுப்பப்பட்டவள் என்ற பெயர், அடுத்த ஆபீசுக்கு அவளுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சௌந்தர்யாவின் திரையில் திறந்திருந்ததையெல்லாம் மூடச் சொல்லி, டிபன் பாக்ஸோடு எல்லோரையும் வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார்.

"என்ன தம்பி, இன்னைக்கு எங்களையெல்லாம் மேய்க்கற?" என்றாள் மஞ்சுளா. "சீட்டுல உக்காந்து தின்னா மெஷினு பசிச்சு அழுவுதாக்கும்?"

"அதெல்லாம் இல்லீங்க்கா. காத்து நல்லா வருதுங்க."

"காத்தா? ஒரு எல அசையலயே," என்றாள் சௌந்தர்யா.

சிவபிரகாஷ் கைப்பேசியில் கோடுகளைப் பார்த்தார். ஆளில்லாத கணினியின் மஞ்சள் கோடு ஏறிக்கொண்டுதான் இருந்தது. அவருக்கு அப்போதுதான் பசித்தது.

சாப்பிட்டு வந்து, அந்தக் கணினியிலிருந்து அப்படி எதுதான் போகிறது என்று தன் இருக்கையிலிருந்தே திறந்து பார்த்தார். 'ராசி வெள்ளி' என்று ஒரு கோப்புறை. அதற்குள் ஆபீசின் எல்லா டிசைன்களும். பக்கத்தில் 'ராசி வெள்ளி 2'. அதற்குள்ளும் அதே டிசைன்கள், கூடவே முந்தைய கோப்புறையும். அதற்கடுத்தது, தனக்கு முந்தியவை எல்லாவற்றையும் வயிற்றில் சுமந்துகொண்டு.

விஷயம் இதுதான். ஒரு தீபாவளிக்குச் சௌந்தர்யா வரைந்த மாங்காய்ப் பார்டர் கடைகடையாக விற்றுத் தீர்ந்தது. அன்றிலிருந்து முதலாளிக்கு அது ராசியான கணினி. வெள்ளிக்கிழமைதோறும் சூடம் காட்டிவிட்டு, ஆபீசிலுள்ள டிசைன்களையெல்லாம், முந்தைய வெள்ளிகளின் நகலையும் சேர்த்து, தம் கையாலேயே அதில் நகலெடுத்து வைப்பார். பேக்கப்புக்கு ராசி தெரியாது. புதிதாக வந்த கோப்பென்று எண்ணி அத்தனையையும் அனுப்பத் தொடங்கும். தினமும் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அனுப்பி முடிவதற்குள் அடுத்த வெள்ளி வந்துவிடும்.

சிவபிரகாஷ் எழுந்திருப்பதற்குள் நவநீதகிருஷ்ணனே பின்னால் வந்து நின்று, திரையின் ஓரத்திலிருந்த கோடுகளைப் பார்த்துவிட்டார்.

"மஞ்சக்கோடு யாருது?"

"சௌந்தர்யாவோடதுங்ணா."

சௌந்தர்யா மவுஸைக் கீழே வைத்தாள்.

"அந்தப் புள்ளையா?" முதலாளியின் குரலில் கோபத்தைவிட வருத்தமே அதிகம். "சொன்னா சொன்னதுதான், சிவா. ஆள அனுப்பிப்போடு."

உத்தரவுப்படி சிவபிரகாஷின் வேலை அத்தோடு முடிந்தது. கணினியைக் கண்டறிந்தாயிற்று, ஒப்படைத்தாயிற்று. பூனையிடம் நாற்காலி கேட்கத் தெரியாதவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏனுங்ணா, மெஷினு அந்தப் புள்ளையோடதுதானுங்க. மூட்டை உங்களுதுங்க."

"எதுடா எம்மூட்டை?"

கோப்புறையைத் திறந்து காட்டினார். வெள்ளி வெள்ளியாக இறங்கிக்கொண்டே போனது. நவநீதகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். துடைத்த பிறகும் அவை அவருடையவையாகத்தான் இருந்தன.

"அப்ப ராசிய அழிச்சுப்போடச் சொல்றியா?"

"ஐயோ, வேண்டாமுங்ணா. இந்த மெஷினுல இருந்து எடுத்து ஒரு டிஸ்க்குல போட்டுச் சாமி படத்துக்குக் கீழ வெச்சரலாமுங்க. வெள்ளிக்கு வெள்ளி எடுத்துப் புதுசு ஏத்தி, பொட்டு வெச்சு, மறுபடி அங்கயே. ராசி சாமிகிட்ட இருக்கறதுல தப்புங்களா?"

இதில் முதலாளிக்குக் குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. மேலும், நெட்டில் இணைக்காத தனி நகல் ஒன்று எப்போதும் இருக்க வேண்டுமென்று கணினிப் பாடப் புத்தகங்களும் சொல்கின்றன. சந்தனம் வைக்கச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

"ஏம்மா," என்றார் நவநீதகிருஷ்ணன் சௌந்தர்யாவைப் பார்க்காமல், "அந்த அன்னப்பட்சி முந்திய இன்னைக்கே முடிச்சுரு சாமி."

"முடிச்சர்றனுங்ணா," என்று அவள் மவுஸை எடுத்தாள்.

"மேய்க்கறவனுக்கு நாளைக்கு எலுமிச்ச சோறு நாங் கொண்டாரேன்," என்றாள் மஞ்சுளா.

இப்போது டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் பேக்கப் முடிந்துவிடுகிறது. வீடியோவில் முதலாளி விரித்த முந்தி உறையாமல் கடைசிவரை அசைகிறது. உத்தரவில் இருக்கும் கண்டிப்பானவரை மட்டும் இன்னும் யாரும் பார்க்கவில்லை.

எந்தக் கணினி இழுக்கிறது என்று கேட்டார்கள். சிவபிரகாஷ் அதையும், இழுத்தது யாருடைய கோப்பு என்பதையும் சேர்த்துச் சொன்னார்.